தரையை மிதிக்கும் கலை: ஜப்பானிய அரங்குகளில் ஒரு பயணம்

கியோட்டோ, செவ்வாய்

காமோ ஆற்றைக் கடக்கும் ஷிஜோ பாலத்தருகே, மினாமிசா அரங்குக்கு எதிரே ஒரு பெண்ணின் சிலை நிற்கிறது. தோளில் வாளும் கையில் விசிறியுமாக நிற்கும் அவர் பெயர் ஒகுனி. இசுமோ ஆலயத்தைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் இவர் 1603ஆம் ஆண்டில் கியோட்டோவில் ஆண் வேடமிட்டு ஆடிய ஆட்டத்திலிருந்துதான் கபூகி என்னும் மரபு நாடகத்தின் வரலாறு தொடங்குகிறது. பெண் தொடங்கிய அக்கலையில் பெண்கள் ஆடக் கூடாது என்று 1629இல் அரசு தடை விதித்தது. அவர்களுக்குப் பதிலாக ஆட வந்த இளைஞர்களின் கபூகியும் 1652இல் தடை செய்யப்பட்டது. அதன்பிறகே வயது வந்த ஆண்கள் மட்டும் ஆடும் கலையாகக் கபூகி நிலைபெற்றது.

ஆற்றங்கரையில் ஆடிப் பிழைத்தவர்கள் என்பதால் கூத்துக்காரர்களை 'ஆற்றங்கரையார்' என்று நெடுங்காலம் இழிவாக அழைத்தார்கள். 1960களில் டோக்கியோவில் கிளர்ந்தெழுந்த நவீன நாடகக்காரர்களுள் காரா ஜூரோ அந்த இழிபெயரைப் பெருமையோடு தம் குலப்பெயராக ஏற்றுக்கொண்டார். மரபை உதறிவிட்டு வந்ததாகக் கருதப்படும் ஒரு நவீன இயக்கம், மரபின் மிகத் தாழ்ந்த படியில் நின்றவர்களைத் தன் முன்னோராக ஏன் தேர்ந்தது? நவீன நாடகம் மரபுக் கலைகளிடமிருந்து உண்மையில் எதைப் பெற்றது, எதைப் பெற்றதாக நினைத்துக்கொண்டது என்பதை அரங்குகளிலேயே பார்த்து அறியும் விருப்பம்தான் என்னை இங்கே அழைத்து வந்திருக்கிறது. கியோட்டோவில் முகமூடி அணிந்து ஆடும் பழைய 'நோ' நாடகம், தோயாமாவின் மலைகளில் நவீன நெறியாளர் சுஸுகி தடாஷியின் நாடக ஊரான தோகா, இறுதியில் டோக்கியோ என்பது திட்டம். ஒவ்வொரு நாளும் கண்டதை அன்றன்றே எழுத முயல்கிறேன்.

கியோட்டோ, புதன்

பழைய அரண்மனைத் தோட்டத்துக்கு எதிரே உள்ள கொங்கோ நோ அரங்கில் இன்று பிற்பகல் 'இஸுட்சு' என்ற நாடகத்தைப் பார்த்தேன். நோ நடிகர்களின் ஐந்து மரபுகளுள் கியோட்டோவைத் தலைமையிடமாகக் கொண்டது கொங்கோ மரபு. கட்டடத்துக்கு உள்ளேயே அமைந்திருந்தாலும் மேடைக்குத் தனியாகக் கூரை உண்டு. திறந்த வெளியில், ஆலய வளாகங்களில் ஆடிய காலத்தின் எச்சம் அது. ஏறத்தாழ ஆறு மீட்டர் பக்கமுள்ள சதுர மேடை, நான்கு தூண்கள், பின்சுவரில் தீட்டிய பைன் மரம், இடப்புறமாக நீண்டு செல்லும் பாலம், பாலத்தின் ஓரத்தில் மூன்று சிறு பைன் மரங்கள். காட்சிக்கென்று வேறு திரைச்சீலைகளோ விளக்கு மாற்றங்களோ கிடையாது. முகமூடியின் சிறு துளைகள் வழியே நடிகருக்கு மிகக் குறைவாகவே தெரியும் என்பதால், முன்புறத்து இடப்பக்கத் தூணைக் கொண்டே அவர் தம் இடத்தை அளந்துகொள்கிறார்.

'இஸுட்சு' நோ கலைக்கு வடிவம் தந்த பழைய நடிகரும் நாடகாசிரியருமான ஸெயாமி எழுதிய நாடகம். ஊர் ஊராகச் செல்லும் துறவி ஒருவர் பாழடைந்த ஆலயத்தில் தங்குகிறார். அங்கே கிணற்று நீரைக் கல்லறைக்குப் படைக்கும் ஒரு பெண், நாரிஹிரா என்னும் கவிஞரையும் சிறுவயதில் அதே கிணற்றடியில் அவரோடு உயரம் அளந்து விளையாடி, பின்னர் அவரை மணந்த பெண்ணையும் பற்றிச் சொல்கிறாள். அந்தப் பெண் தானே என்று உரைத்து மறைகிறாள். பிற்பகுதியில், இறந்த கணவனின் அங்கியும் தலையணியும் அணிந்து மீண்டும் வருகிறாள். மேடையில் இருக்கும் ஒரே பொருள், நாணல் கதிர் செருகிய கிணற்றுச் சட்டம்தான். ஆடிக்கொண்டே அதனருகில் வந்து, கதிரை விலக்கி, குனிந்து உள்ளே பார்க்கிறாள். கிணற்று நீரில் தெரிவது அவள் முகமல்ல, அவன் முகம். முகமூடி அணிந்த ஓர் ஆண் நடிகர், பெண்ணாகி, அந்தப் பெண் தன் கணவனின் உடையில் அவனாகி, இல்லாத நீரில் அவன் முகத்தைக் காண்கிற அந்த நொடியில், ஆள் மாறி ஆள் புகுவதைத் தவிர வேறு எந்த நிகழ்வும் மேடையில் இல்லை. எனக்குத் தெரிந்தவரை, நடிப்பு என்பது என்ன என்ற கேள்விக்கு இதைவிட ஆழமான பதிலை எந்த நாடகமும் தந்ததில்லை.

ஆனால் நாடகம் முழுவதும் என் கண்கள் சென்று நின்றது நடிகரின் பாதங்களில்தான். வெண்ணிறப் பாதவுறை அணிந்து, குதிகாலை எழுப்பாமல், பாதத்தைத் தரையோடு உரசி நடக்கும் நடை அது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் விரல்கள் மட்டும் சற்று உயர்ந்து இறங்குகின்றன. இடுப்பு ஒரே மட்டத்தில் நிற்பதால், உடல் நடப்பதாகத் தோன்றாமல் இடம்பெயர்வதாகவே தோன்றுகிறது. இந்த அமைதியின் நடுவே நடிகர் எப்போதாவது ஒருமுறை பாதத்தை ஓங்கித் தட்டும்போது அரங்கு முழுவதும் அதிர்கிறது. அந்த ஓசை ஒலித்துப் பெருகுவதற்காகவே நோ மேடைகளின் பலகைகளுக்கு அடியில் பெரிய மண்சாடிகளை வைக்கும் வழக்கம் உண்டு. மேடையே ஒரு தாள வாத்தியமாகக் கட்டப்பட்டிருக்கிறது.

நோவில் நெறியாளர் என்று தனியாக ஒருவர் கிடையாது. நடிகர்களும் பின்பாட்டுக்காரர்களும் முழவுக்காரர்களும் தத்தம் மரபில் தனித்தனியே பயின்றவர்கள். நிகழ்ச்சிக்கு முன்பு பொதுவாக ஒரே ஒருமுறை கூடி ஒத்திகை பார்க்கிறார்கள். நவீன நாடகம் நெறியாளரைச் சுற்றிக் கட்டப்பட்ட கலை என்பதால், இந்தச் செய்தி நாடகத்தில் ஈடுபட்ட எவரையும் சிந்திக்க வைக்கும்.

ஐரோப்பியர்கள் நோவை முதலில் படித்தே அறிந்தார்கள். ஜப்பானியக் கலையை ஆய்ந்த அமெரிக்கர் ஃபெனலோசா விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளைக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் செப்பனிட, அவற்றைப் படித்த அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1916இல் லண்டனில் தமது புதிய வகை நாடகத்தை அரங்கேற்றினார். அதில் ஆடிய இத்தோ மிச்சியோ ஜப்பானியரே ஆயினும் நோ மரபில் பயின்றவர் அல்லர். பாதம் இல்லாமலே பயணம் செய்த மரபு என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. யேட்ஸின் கவித்துவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் பெற்றது நோவின் நிழலை மட்டுமே.

தோகா, வெள்ளி

கியோட்டோவிலிருந்து த்சுருகா வரை விரைவு ரயிலில் வந்து, அங்கிருந்து ஹோகுரிகு ஷிங்கன்சென் அதிவேக ரயில் மூலம் தோயாமா அடைந்து, பின்னர் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில் பேருந்தில் வந்து சேர்ந்தேன். தனி ஊராட்சியாக இருந்த தோகா 2004இல் நான்தோ நகரின் பகுதியானது. குளிர்காலத்தில் கடும் பனியில் புதையும் ஊர் இது; இளையோர் நகரங்களுக்குப் போய்விட, மக்கள்தொகை ஆண்டுதோறும் சுருங்கி வந்திருக்கிறது. கோடைப் பருவத்தின் நாடக நாள்களில் மட்டும் சாலையோரங்களில் பல மொழிகள் கேட்கின்றன. இன்று எழுத வேறொன்றும் இல்லை.

தோகா, சனி

சுஸுகி தடாஷி 1939இல் பிறந்தவர். 1966இல் நாடகாசிரியர் பெத்சுயாகு மினோரு முதலியோருடன் சேர்ந்து வசேதா சிற்றரங்கு என்ற குழுவை டோக்கியோவில் தொடங்கினார். 1972இல் பாரிஸில் ஜான் லூயி பரோ நடத்திய உலக நாடக விழாவுக்குச் சென்ற சுஸுகி, அங்கே நோ நடிகர் கான்ஸே ஹிசாவோ ஆடியதைக் கண்டார். நோவுக்கென்று கட்டப்படாத ஓர் இடத்தில் அந்தக் கலை புத்துயிர் பெற்று நின்றது அவரைச் சிந்திக்க வைத்தது. 1974இல் டோக்கியோவில் அவர் நெறியாள்கை செய்த, யூரிப்பிடிஸின் 'ட்ராய் நகரப் பெண்கள்' நாடகத்தில், கான்ஸே ஹிசாவோவும் நவீன நாடகத்தின் மாபெரும் நடிகையான ஷிராய்ஷி காயோகோவும் ஒரே மேடையில் நின்றார்கள். போரில் தோற்ற கிரேக்கக் கதையின் பெண்கள் மீது, போரில் தோற்ற ஜப்பானின் இடிபாடுகள் படிந்த அந்த நாடகம் பல நாடுகளுக்கும் சென்றது. 1976இல் தலைநகரை விட்டு விலகிய சுஸுகி, இந்த மலையூரில் வைக்கோல் வேய்ந்த செங்குத்துக் கூரையுடைய ஒரு பழைய பண்ணை வீட்டை அரங்காக்கினார். 1982இல் இங்கே பன்னாட்டு நாடக விழா தொடங்கியது. கட்டடக் கலைஞர் இசோசாகி அராதா வடிவமைத்த திறந்தவெளி அரங்கும் குளத்தை நோக்கி அமைந்தது.

இன்று காலை நடிகர்களின் பயிற்சியைப் பொதுமக்கள் பார்க்க இசைந்திருந்தார்கள். பண்ணை வீட்டு அரங்கின் கறுத்த தரையில், வரிசையாக நின்ற நடிகர்கள் இடுப்பைத் தாழ்த்தி, மேலுடலைச் சிறிதும் அசையவிடாமல், இசையின் தாளத்துக்கு ஏற்பத் தரையை ஓங்கி மிதித்தபடி சுற்றி வந்தார்கள். சில நிமிடங்கள்தான் அது நீடித்தது. ஆயினும் வியர்வை அவர்கள் முகத்தில் வழிந்தது. இசை நின்றதும் அனைவரும் ஒரே நேரத்தில் தரையில் சரிந்தார்கள். வேறோர் இசை மெல்லத் தொடங்க, மூச்சிரைப்பை வெளியே காட்டாமல், மிக மெதுவாக எழுந்து நடந்தார்கள். மிதிக்கும்போது திரளும் ஆற்றலை மேலுடலுக்குச் சிதறவிடாமல் இடுப்பில் தேக்குவது முதல் பகுதியின் நோக்கம். அவ்வாறு தேக்கியதை அமைதியாகச் செலவிடுவது இரண்டாவது பகுதியின் நோக்கம். அதன்பிறகு அதே நிலையில் நின்று வசனம் பேசினார்கள். குரல் தொண்டையிலிருந்து வராமல் அடிவயிற்றிலிருந்து வந்தது என்று எழுதினால் அது வழக்கமான சொல்லாகிவிடும். பாதத்திலிருந்து வந்தது என்பதே நான் கண்டதற்கு நெருக்கமானது.

மின்சாரமும் எண்ணெயும் தரும் ஆற்றலை நம்பி வாழும் நவீன நாகரிகத்தில், மனித உடலின் சொந்த விலங்காற்றலை முழுமையாக நம்பி நிற்பது நாடகத்தின் கடமை என்பது சுஸுகியின் வாதம். தரையை மிதிப்பது ஆவிகளை அடக்கும், எழுப்பும் சடங்காக ஜப்பானில் மிகத் தொன்மையானது. கவிழ்த்த தொட்டியின் மேல் மிதித்து ஆடி, குகைக்குள் ஒளிந்த கதிரவக் கடவுளை வெளியே வரவழைத்த உஸுமே தெய்வத்தின் கதையைப் பழைய நூலான கொஜிகி சொல்கிறது. சுஸுகி நோவைப் போலச் செய்யவில்லை. நோ நடிகர் அரிதாகத் தட்டும் பாதத்தை இவர் இடையறாது தட்டச் செய்கிறார். முகமூடியையோ பைன் மரத்தையோ அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நோவும் கபூகியும் எந்த இடத்திலிருந்து முளைத்தனவோ, அந்த இடத்தைக் கண்டுபிடித்து அதையே பயிற்சியாக்கினார். அதனால்தான் பல நாட்டு நடிகர்கள் தத்தம் தாய்மொழியில் பேசியபடியே இப்பயிற்சியைச் செய்ய முடிகிறது. அமெரிக்க நெறியாளர் ஆன் போகார்ட் 1992இல் சுஸுகியோடு இணைந்து தொடங்கிய குழுவும் இதனைத் தன் அடித்தளங்களுள் ஒன்றாகக் கொண்டது.

பார்வையாளர் இருக்கையிலிருந்து மரபைக் கண்டவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1931இல் பாரிஸ் குடியேற்ற நாடுகள் கண்காட்சியில் பாலித் தீவின் ஆட்டத்தைக் கண்ட பிரெஞ்சு நாடகச் சிந்தனையாளர் ஆர்த்தோ, வசனத்தின் ஆட்சியிலிருந்து நாடகத்தை விடுவிக்கும் கனவை அதில் கண்டார். 1935இல் மாஸ்கோவில், ஒப்பனையோ வேடமோ இன்றி மேலை உடையில் நின்றபடியே பெண் பாத்திரத்தை நடித்துக் காட்டிய சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைக் கண்ட ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட், நடிகர் தம் பாத்திரத்திலிருந்து விலகி நிற்கும் முறையைப் பற்றித் தமது புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். இருவருடைய எழுத்தும் இருபதாம் நூற்றாண்டு நாடகத்தையே மாற்றின என்பதில் ஐயமில்லை. எனினும் அவர்கள் கண்டது தங்களுக்கு வேண்டியிருந்ததை. அந்த ஆட்டக்காரர்கள் சிறுவயது முதல் உடலில் சேர்த்த பயிற்சியை அவர்கள் கண்டிருக்க வழியில்லை.

தமிழில் நவீன நாடகமும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான் மரபை நோக்கித் திரும்பியது. ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கியது 1977இல். புரிசை கண்ணப்ப தம்பிரானின் தெருக்கூத்தைக் கண்ட வியப்பு அவரது நாடக வாழ்வின் திருப்பமாக அமைந்தது. அதே மரபை நாடினோம் என்று சொல்லும் எத்தனையோ மேடைகளில், கட்டைக்கிரீடமும் முகத்து அரிதாரமும் மட்டும் வந்து நிற்க, இரவு முழுதும் கிறுகிறுவென்று சுழன்று அடவு போடும் கால்கள் வரவில்லை. அடவு வராமல் கிரீடம் மட்டும் வந்தால் அது மரபின் ஆடை, மரபு அன்று. இதைக் கடுமையான சொல்லாகவே எழுதுகிறேன், ஏனெனில் கூத்துக் கலைஞரின் உடலில் இருப்பதை நாம் இழந்துவிட்டால் அதை எந்த நூலிலிருந்தும் மீட்க முடியாது.

தோகா, ஞாயிறு

நேற்றிரவு திறந்தவெளி அரங்கில் 'உலகின் விளிம்பிலிருந்து வணக்கம்' என்ற பொருளுடைய சுஸுகியின் நாடகம். 1991இல் முதன்முதலாக நிகழ்த்தப்பட்டு, மீண்டும் மீண்டும் இங்கே ஆடப்படுவது. குளத்தின் மேலும் அதற்கப்பாலுள்ள மலைச்சரிவின் மேலும் வாணவெடிகள் வெடிக்க, அவற்றின் நடுவே சக்கர நாற்காலிகளில் நடிகர்கள் தோன்றுகிறார்கள். பழைய திரைப்பாடல்களும் போர்க்காலச் சொற்களும் ஷேக்ஸ்பியரும் கலந்து வருகின்றன. 'மக்பெத்' நாடகத்தில் அரசி இறந்தாள் என்று தூதன் சொல்லும் இடத்தை மாற்றி, ஜப்பான் இறந்துவிட்டது என்று ஒருவன் முதியவரிடம் அறிவிக்கிறான். விழாக்கால வாணவேடிக்கைக்குக் கைதட்டிய கூட்டம், அடுத்த வெடியில் குண்டுவீச்சின் ஓசையைக் கேட்டு மௌனமானது. இவ்வளவு பேரொலிக்கும் பெருவெளிச்சத்துக்கும் நடுவே சிறிய மனித உடல்கள் மறைந்துபோகாமல் நின்றதற்குக் காரணம், காலையில் நான் கண்ட அந்த மிதிதான். பார்வையாளர்கள் தங்கள் விருப்பப்படி கட்டணம் செலுத்தினார்கள்.

டோக்கியோ, செவ்வாய்

வசேதா பல்கலைக்கழகத்தின் நாடக அருங்காட்சியகத்தில் முற்பகலைக் கழித்தேன். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அனைத்தையும் ஜப்பானிய மொழியில் பெயர்த்த த்சுபோஉச்சி ஷோயோவைப் போற்றும் வகையில், எலிசபெத் காலத்து லண்டன் அரங்கு ஒன்றின் சாயலில் 1928இல் எழுந்த கட்டடம் அது. கபூகி ஓவியங்களும் நவீன நாடகச் சுவரொட்டிகளும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன.

பிற்பகல் த்சுகிஜி. நவீன நாடகத்துக்கென்றே 1924இல் ஒசானாய் காவோருவும் ஹிஜிகாதா யோஷியும் கட்டிய த்சுகிஜி சிற்றரங்கு இங்கேதான் இருந்தது. 1945 வான்தாக்குதலில் எரிந்துபோன அதன் இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை மட்டும் உள்ளது. முதல் இரண்டாண்டுகள் ஜப்பானிய நாடகம் எதையும் மேடையேற்றப் போவதில்லை என்று ஒசானாய் அறிவித்தார். கபூகியை விட்டு விலகுமாறும், ஆடாமல் அசையுமாறும், பாடாமல் பேசுமாறும் நடிகர்களிடம் கேட்டார். 1960களின் தலைமுறை அவரை எதிர்த்து எழுந்ததால் இன்று அவரைக் குறைகூறுவது எளிது. ஆனால் குலவழியாக வரும் பெயரும் வேடமும் நடிகனை முழுதாக ஆண்ட காலத்தில், பெண்கள் மேடையேறவும் சமகாலத்து வாழ்வு மேடையில் பேசப்படவும் அந்த விலகல் தேவைப்பட்டது என்றே எனக்குப் படுகிறது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தவர் இரண்டாம் இச்சிகாவா சாதாஞ்சி என்ற கபூகி நடிகர். 1909இல் ஒசானாயோடு சேர்ந்து சுதந்திர அரங்கைத் தொடங்கி, கபூகி நடிகர்களைக் கொண்டே நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தை மேடையேற்றியவர் அவர். கபூகியின் முதல் வெளிநாட்டுப் பயணமாக 1928இல் சோவியத் நாட்டுக்குச் சென்ற குழுவுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. அந்த நிகழ்ச்சிகளைக் கண்டுதான் சோவியத் திரைப்பட இயக்குநர் ஐஸன்ஸ்டைன் கபூகியைப் பற்றி எழுதினார். ஐரோப்பாவின் நவீனத்தை ஜப்பானுக்குக் கொண்டுவந்த உடலும், ஜப்பானின் மரபை ஐரோப்பிய நவீனர்களிடம் கொண்டுசேர்த்த உடலும் ஒன்றே. நடிப்புக் கலை பற்றி ஸெயாமி எழுதி, நடிகர் குடும்பங்களுக்குள் மறைவாகக் காக்கப்பட்ட நூல்கள் ஆய்வாளர் யோஷிதா தோகோவால் அச்சேறிப் பொதுவெளிக்கு வந்ததும் அதே 1909இல்தான். கபூகி நடிகர்கள் ஆடிய இப்சனும் அச்சேறிய ஸெயாமியும் ஜப்பானியருக்கு ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தார்கள் என்பதை எண்ணும்போது, மரபு பழையது, நவீனம் புதியது என்ற பிரிவினையே தளர்ந்துபோகிறது.

மாலையில் கபூகிசாவில், ஒரே ஓர் அங்கத்துக்கு மட்டும் விற்கும் நான்காம் தளத்து இருக்கையில் அமர்ந்து பார்த்தேன். பார்வையாளர் நடுவே ஓடும் மலர்ப்பாதையின் பெரும்பகுதி அங்கிருந்து தெரியாது. நடிகர் உறைந்து நிற்கும் நொடியில் மரக்கட்டைகளைப் பலகையில் அடிக்கும் ஓசை மட்டும் தெளிவாக வந்து சேர்ந்தது.

டோக்கியோ, புதன்

ஷின்ஜுகுவில் ஹனாசோனோ ஆலயத்துக்குச் சென்றேன். 1967இல் காரா ஜூரோ தம் சிவப்புக் கூடாரத்தை முதன்முதலில் அடித்த வளாகம் இது. 1969 சனவரியில் அனுமதியின்றி ஷின்ஜுகு பூங்காவில் கூடாரம் அடித்தபோது கலவரத் தடுப்புப் போலீசார் சூழ்ந்து நிற்க, உள்ளே நாடகம் நிற்காமல் நடந்தது. 2024இல் அவர் மறைந்தார். கூடாரம் இல்லாத நாளாகையால் வளாகத்தை ஒருமுறை சுற்றிவிட்டுத் திரும்பினேன்.

பிறகு புன்ராகு என்னும் மரபுப் பொம்மலாட்டம். 1966இல் திறக்கப்பட்ட தேசிய அரங்கு மறுகட்டுமானத்துக்காக 2023 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டதால், டோக்கியோவில் பொம்மலாட்டம் இரவல் அரங்குகளில் நடக்கிறது. சிகாமத்சு மொன்சாயெமோன் 1703இல் எழுதிய 'சோனெசாகியில் காதலர் தற்கொலை' என்பது இன்றைய நாடகம். கதைசொல்லி நூலை நெற்றிக்கு உயர்த்தி வணங்கிவிட்டுத் தொடங்கினார். ஒரு பொம்மையை மூவர் இயக்குகிறார்கள்: தலையும் வலக்கையும் ஒருவர், இடக்கை ஒருவர், கால்கள் ஒருவர். கால்களில் தொடங்கித்தான் கற்க வேண்டும். அதற்கே பத்து ஆண்டுகள் என்பது மரபில் சொல்லப்படும் கணக்கு. பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் கால்களே கிடையாது. இயக்குபவர் ஆடையின் விளிம்பைத் தம் கைகளால் அசைத்து நடையை உண்டாக்குகிறார், தேவைப்படும் இடத்தில் தம் காலாலேயே தரையைத் தட்டிக் காலடி ஓசையையும் தருகிறார்.

ஆனால் இந்நாடகத்தில் ஓஹாத்சு என்ற பெண் பொம்மைக்கு ஒரு காட்சியில் பாதம் உண்டு. அவள் திண்ணையில் அமர்ந்திருக்க, காதலன் தோகுபெய் அதன் கீழே ஒளிந்திருக்கிறான். சுற்றிலும் பகைவர்கள். என்னோடு இறக்கத் துணிவாயா என்று அவள் வாய்திறந்து கேட்க முடியாமல் தன் பாதத்தை நீட்டிக் கேட்கிறாள். அவன் அந்தப் பாதத்தைப் பற்றித் தன் கழுத்தில் வைத்துத் தன் சம்மதத்தைத் தெரிவிக்கிறான். இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் புன்ராகு மேடை காணாதிருந்த இந்த நாடகம் 1955இல்தான் புதிதாக அமைக்கப்பட்டு மீண்டும் ஆடப்பட்டது. இன்று மரபின் உச்சமாக உலகம் கொண்டாடும் இப்படைப்பு, அந்த வகையில், சுதந்திர அரங்கின் இப்சனைவிட இளையது.

புன்ராகுவில் குலவழி உரிமை கட்டாயமில்லை. 1972 முதல் தேசிய அரங்கு வெளியாரைச் சேர்த்துப் பயிற்றுவிக்கிறது, இன்றைய கலைஞர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வழியே வந்தவர்கள். அண்மை ஆண்டுகளில் விண்ணப்பிப்போர் மிகவும் அருகிவிட்டனர். பத்து ஆண்டுகள் முகத்தைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டு கால்களை மட்டுமே இயக்க முன்வரும் இளைஞர்கள் வேண்டும். அவர்களைத் தேடுவதில் நவீன நாடகக்காரர்கள் மரபுக் கலைஞர்களோடு தோள் சேர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கான்ஸே ஹிசாவோவின் நடையிலிருந்து சுஸுகி பெற்ற கடனைத் திருப்பிச் செலுத்த இதைவிட வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.